பதினெட்டுக் கட்டைப் பெட்டியும் வசந்தாவின் கல்யாணமும்

பிள்ளைகளா, நம் வீட்டுக் குக்கர் விசில் நிற்காமல் இழுத்தால் உங்கள் சம்பந்தம் மாமா கூடத்தில் உட்கார்ந்தபடியே, "யாராவது ஒரு தாலியக் கட்டுங்கப்பா, சத்தம் நிக்கட்டும்" என்பார். வசந்தா அத்தை சிரிப்பார். பிறகு இரண்டு பேரும் தவறாமல் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நீங்களும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரிப்பீர்கள். கேட்டால் நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வேன். மறைத்தது போதும், எழுதிவிடுகிறேன். பள்ளி இறுதி வகுப்போடு நின்றுபோன எழுத்து இது. தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்கு இருபத்திரண்டு வயது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை. ரிப்பேருக்கு வந்த பத்து ரேடியோவில் ஏழு பாடிக்கொண்டு வீடு போகும். மீதி மூன்றைப் பற்றி இப்போது வேண்டாம். கடையில் பழைய இங்கிலீஷ் எலெக்ட்ரானிக்ஸ் புத்தகங்கள் ஒரு கட்டு கிடந்தன. அதில் ஒன்றில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். சின்தசைசர் என்று போட்டிருந்தது. காற்று வேண்டாம், தந்தி வேண்டாம், தோல் வேண்டாம், மின்சாரத்தாலேயே ஸ்வரம் வரும் பெட்டி. முன்னால் ஆர்மோனியம் போலக் கட்டைகள். இங்கிலீஷ் எனக்கு அரைகுறை. ஆனால் சர்க்யூட் படத்துக்கு எந்த பாஷையும் தேவையில்லை என்பது அப்போது என் அழுத்தமான கொள்கை.

நாலு மாதம் அதுவே தவம். சத்தம் போடுகிற டிரான்சிஸ்டரைச் செத்துப்போன ஒரு ரேடியோவிலிருந்து எடுத்தேன். தறி செய்கிற தச்சரிடம் தேக்குத் துண்டுகள் வாங்கிப் பதினெட்டுக் கட்டைகள் செதுக்கினேன். கறுப்புக் கட்டைகளுக்குப் பெயிண்ட் காயப் பொறுமை இல்லாமல் பூட்ஸ் பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். (வாசித்து முடித்தால் விரலும் கறுத்துவிடும். அதைக் கலைக்குக் கொடுக்கும் விலை என்று எடுத்துக்கொண்டேன்.) முன்பக்கம் மூன்று திருகுகள். ஒன்று சத்தத்தைக் கூட்ட, ஒன்று குரலை மாற்ற, ஒன்று குரலை நடுங்க வைக்க. எது எது என்று நான் எழுதி ஒட்டவில்லை. செய்தவனுக்குத் தெரியாதா என்ன. பேட்டரியைப் பெட்டிக்கு உள்ளே வைத்து, எட்டு ஸ்க்ரூ போட்டு மூடினேன். சுவிட்ச் வைக்கவில்லை. கட்டையை அழுத்தினால்தானே சத்தம் வரும், எடுத்தால் நின்றுவிடும், சுவிட்ச் எதற்கு என்பது என் வாதம். இந்த வாதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் திணறினேன். கட்டையை அழுத்தும்போது கீழே இரண்டு உலோகம் ஒன்றை ஒன்று தொட வேண்டும். தகரத்தை வைத்தேன், கரகரத்தது. செம்புக் கம்பி வைத்தேன், நாலு நாளில் களிம்பு ஏறியது. புத்தகத்தில் அந்த இடத்துக்கு அம்புக்குறி போட்டு ஒரு சொல் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். வெள்ளி.

வேறு ஊரில் பிறந்தவனாக இருந்தால், வெள்ளிக்கு எங்கே போவது என்று அன்றைக்கே பெட்டியைப் பரணில் ஏற்றியிருப்பான். நான் பிறந்தது பிள்ளையார்பாளையத்தில், ஒரு பட்டு நெசவாளி வீட்டில். ஜரிகை என்பது என்ன? பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டை மயிரிழை போல் சுற்றி, தங்க முலாம் பூசியது. வெள்ளி எங்கள் வீட்டில் கண்டு கண்டாக நூலாகச் சுற்றி, தறிக்குப் பக்கத்துப் பெட்டியில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் அத்தை வசந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சம்பந்தத்தின் பெரியப்பா ஊரறிந்த ஜரிகை வியாபாரி. அவர் முகூர்த்தப் புடவைக்குப் பட்டையும் ஜரிகையையும் தாமே நிறுத்துக் கொடுத்து, "உங்க பொண்ணு கட்டிக்கப் போற பொடவ, நீங்களே நெய்ங்க. முந்தானையில ஆறு வரி அன்னம் வரணும்" என்று என் நைனாவிடம், அதாவது உங்கள் தாத்தாவிடம், சொல்லியிருந்தார். கொடுத்த ஜரிகை புடவையில் இருக்க வேண்டும். குறைந்தால் நெசவாளி எடுத்துவிட்டான் என்று பெயர். எங்கள் தெருவில் அதைவிடக் கெட்ட பெயர் கிடையாது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் நைனா சாப்பிடப் போன ஒரு மத்தியானத்தில் ஒரு கண்டை எடுத்தேன். கொஞ்சம் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு கட்டைக்கு நாற்பது சுற்று சுற்றினால்தான் ஸ்வரம் சுத்தமாக வந்தது. பதினெட்டுக் கட்டை. கண்டு காலி.

ஆனால் ஒரு ரேடியோவோடு இணைத்ததும் சத்தம் வந்தது, பிள்ளைகளா. தேன் போல வந்தது. என் களவு எனக்கே மறந்துபோனது.

நைனாவுக்கு மறக்கவில்லை. இரண்டு நாள் பெட்டியைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தேடினார். "எனக்கே எண்ணிக்கை தப்பிடுச்சா?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். அம்மா, "எலிதான் இழுத்துக்கினு போயிருக்குது" என்று தீர்மானமாகச் சொல்லி, தறிக்கு அடியில் எலிப்பொறி வைத்தாள். தினமும் தேங்காய்ச் சில்லைச் சுட்டு மாட்டினாள். ஒரு எலியும் விழவில்லை. விழ வேண்டிய எலி அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து இரண்டாம் தடவை குழம்பு கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் நைனா முந்தானையில் ஐந்து வரி அன்னத்தோடு நிறுத்திக்கொண்டார். கல்யாண வேலையில் யார் எண்ணப் போகிறார்கள் என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

கல்யாணம் ஏகாம்பரநாதர் சன்னிதித் தெருவில் ஒரு சத்திரத்தில். முகூர்த்தத்துக்கு முன்னால் நாகஸ்வரக்காரர்கள் காபி குடிக்கிற இடைவேளையில் நான் பத்து நிமிஷம் வாசிப்பதாக வசந்தாவைக் கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருந்தேன். பெட்டியை மைக் செட்டோடு இணைத்தேன். சத்திரத்து வாசலில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், தெருவைப் பார்த்தபடி. தவில்காரர் வெற்றிலையை மென்றுகொண்டே வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்கு வாய் எங்கப்பா இருக்குது?"

"வாய் இல்லீங்க. உள்ள டிரான்சிஸ்டர்."

"பசிச்சா என்ன பண்ணும்?"

"பேட்டரி மாத்தணும்."

"அப்ப நம்ம ஜாதிதான். சோறு போட்டாத்தான் சத்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நிமிஷம் வாசித்தேன். கூட்டம் ரசித்ததா என்று தெரியாது, யாரும் எழுந்து போகவில்லை. மாகறல் பஸ்ஸில் வந்திறங்கிய என் சித்தப்பா மட்டும், "ரேடியோவை யாராச்சும் சரியா வைங்கப்பா" என்றார். அந்த மட்டும் வெற்றி என்று பெட்டியை எடுத்து வைக்காமல், இணைப்பையும் பிடுங்காமல், மணமேடைக்குப் பக்கத்திலேயே பெருமையோடு நின்றேன்.

வசந்தா புடவை கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தாள். தாலித்தட்டு எல்லோரிடமும் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு திரும்பியது. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். அப்போதுதான் மாப்பிள்ளையின் பெரியப்பா வசந்தாவின் முந்தானையை உற்றுப் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"கொஞ்சம் இருங்க" என்றார். "அஞ்சு வரிதான் இருக்குது. ஆறாவது எங்க?"

நைனா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "ஒரு கண்டு காணாம பூட்சுங்க. வீடெல்லாம் தேடிட்டேன்."

"காணாம பூட்சா? நெறஞ்ச சபையில கேக்கறேன்னு கோச்சுக்காதீங்க. என் ஜரிகை உங்க வீட்டுக்குள்ள வந்தது, வெளிய வரல. இது தெளியாம தாலி ஏறக்கூடாது."

முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்த நைனா, சபை நடுவில் தலை குனிந்தார். வசந்தா மணையில் உட்கார்ந்தபடி என்னைப் பார்க்கவில்லை, யாரையுமே பார்க்கவில்லை, தன் மடியையே பார்த்தாள். மாப்பிள்ளை இரண்டு கையாலும் தாலியைப் பிடித்தபடி, இறக்கவும் முடியாமல் ஏற்றவும் முடியாமல் அந்தரத்தில் வைத்திருந்தார்.

நான்தான் எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மேடைப் பக்கம் ஓர் அடி வைத்தேன், கால் ஜமக்காளத்தில் தடுக்கியது. விழாமல் இருக்கக் கையை ஊன்றினேன். ஊன்றிய இடம் என் பெட்டி.

கையை எடுத்த பிறகும் ஒரு கட்டை எழும்பவில்லை. 'ஊ' என்று ஒரே ஸ்வரம். சத்தத்தைக் குறைக்கலாம் என்று அவசரமாக ஒரு திருகைத் திருப்பினேன். அது நடுக்கத் திருகு. 'ஊ... ஊ... ஊ...' என்று அழ ஆரம்பித்தது. அது எதைப் போல இருந்தது என்று எனக்கு முன்னால் கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. சாவு ஊர்வலத்துக்கு முன்னால் ஊதிக்கொண்டு போவார்களே, அந்தச் சங்கு. கல்யாணச் சத்திரத்தில். இரண்டு குழாய் ஸ்பீக்கரில். எதிரே வெற்றிலைக் கடைக்காரர் பிணம் வருகிறது என்று கடைப் பலகையில் பாதியை எடுத்து மூடிவிட்டாராம். சைக்கிளில் போன ஒருவர் இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாராம்.

தாலி கட்டும் நேரத்தில் தும்மல், அழுகை, வேண்டாத பேச்சு எதுவும் காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டி மேளம் அடிப்பது. தவில்காரருக்கு நாற்பது வருஷப் பழக்கம். மேடையில் என்ன தகராறு, யார் யாரை நிறுத்தச் சொன்னார்கள் என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். அமங்கலச் சத்தம் கேட்டது, அவர் கை தானாகத் தவிலில் இறங்கியது. நாகஸ்வரக்காரரும் சேர்ந்துகொண்டார். சத்திரத்து ஓடு பறக்கிற மாதிரி கெட்டி மேளம்.

கெட்டி மேளம் கேட்டதும் உட்கார்ந்திருந்த கூட்டம் அட்சதையை வீசியது. மாப்பிள்ளை குனிந்து மூன்று முடிச்சையும் போட்டு முடித்தார்.

பெரியப்பா என்னவோ கத்துவது வாயசைவில் தெரிந்தது. பெட்டி ஊளையை நிறுத்தவில்லை, அதனால் தவில்காரரும் நிறுத்தவில்லை. வியர்வை வழிய அடித்துக்கொண்டே கண்ணால் என்னைக் கொன்றார். பதற்றத்தில் இணைப்பைப் பிடுங்கத் தோன்றாமல் எட்டு ஸ்க்ரூவையும் நகத்தால் கழற்றப் பார்த்தேன். ஒரு வழியாக, டிபன் சாப்பிடப் போயிருந்த மைக் செட்காரர் இட்லிக் கையோடு ஓடி வந்து இணைப்பைப் பிடுங்கினார். தவிலும் நின்றது. அப்படி ஓர் அமைதியை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

"யாரக் கேட்டுடா கட்டின?" என்றார் பெரியப்பா.

"கெட்டி மேளம் அடிச்சா கட்டணும்னு நீங்கதானே பெரியப்பா சொல்லிக் குடுத்தீங்க" என்றார் மாப்பிள்ளை. (தெரிந்து கட்டினாரா, தெரியாமல் கட்டினாரா என்று உங்கள் மாமா இன்று வரை சொன்னதில்லை. அத்தைக்கு மட்டும் தெரியும் என்று நினைக்கிறேன்.)

தாலி ஏறிவிட்டது. இனி அவளை யாரும் மணையிலிருந்து எழுப்ப முடியாது. அந்த நிமிஷம்தான் எனக்குத் துணிவு வந்தது. மைக் செட்காரரிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, எட்டு ஸ்க்ரூவையும் கழற்றி, மூடியைத் தூக்கினேன்.

"நான்தாங்க எடுத்தேன். நைனாவுக்குத் தெரியாது."

பதினெட்டுக் கட்டைக்கும் கீழே ஜரிகை பளபளத்தது. அழுத்தி அழுத்தி ஓர் இடத்தில் வெள்ளித் தகடு பட்டிலிருந்து பிரிந்து, சுருண்டு, எதிர்த் தகட்டைக் கவ்விப் பிடித்திருந்தது. பெரியப்பா குனிந்தார். அந்தச் சுருளை விரல் நுனியில் எடுத்து, தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்தார்.

"என் ஜரிகைதான்" என்றார். பிறகு பதினெட்டுக் கட்டையையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "பொடவைக்கி ஜரிகை போடுவாங்க, வேட்டிக்கிப் போடுவாங்க. பாட்டுக்குப் போட்டவன் காஞ்சிபுரத்துலயே நீ ஒருத்தன்தாம்பா."

முதலில் சிரித்தது வசந்தா. கழுத்தில் புதுத் தாலியோடு, குனிந்த தலை நிமிராமல், தோள் குலுங்கச் சிரித்தாள். அடுத்து தவில்காரர். அம்மா மட்டும் சிரிக்காமல், "எலி மாட்டிக்கிச்சு" என்றாள். பெரியப்பா நைனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சபையில சொன்னத சபையிலயே திரும்ப எடுத்துக்கறேன், சம்பந்தி" என்றார். நைனா துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டார். என்னைக் கடந்து போகும்போது நின்றார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"கேட்டிருந்தா பழம்பொடவ ஜரிகை குடுத்திருப்பேனேடா" என்றார். அவ்வளவுதான்.

கல்யாண ஆல்பத்தில் மாமாவுக்குப் பின்னால் நெற்றியில் மூன்று கறுப்புக் கோட்டோடு நிற்கிறவன் யார் என்று கேட்பீர்களே, அது நான்தான். வியர்வையைத் துடைத்த கையில் பூட்ஸ் பாலிஷ் இருந்தது.

எல்லோரும் பந்திக்குப் போனார்கள். எனக்கு அந்தப் பெரியப்பா எதிரில் இலை போட்டு உட்காரத் துணிவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வீட்டில் யாரும் இல்லை. முதல் வேலையாகப் பேட்டரியைக் கழற்றினேன். பிறகு ஒவ்வொரு கட்டையாக ஜரிகையைப் பிரித்து, பழைய கண்டில் சுற்றினேன். அங்கங்கே வெள்ளி உரிந்து பட்டு தெரிந்தது. நெசவுக்கு உதவாது. இருந்தாலும் நைனாவின் ஜரிகைப் பெட்டியில், எடுத்த மூலையிலேயே வைத்தேன்.

தறிக்கு அடியில் அம்மா வைத்த எலிப்பொறி அப்படியே இருந்தது. இழுத்து, கம்பியைத் தளர்த்தி, முந்தின நாள் மாட்டிய தேங்காய்ச் சில்லைக் கழற்றினேன். காய்ந்து போயிருந்தது. வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். பசி. வாயில் போட்டுக்கொண்டு, மெதுவாக, முழுசும் மென்று தின்றேன்.