உஷ் அண்ணன் கத்திய நாள்

ஜொகூர் முழுவதையும் வாயடைக்க வைக்கக்கூடிய ஆள் ஒருவர் இருந்தார் என்றால், அது எங்கள் உஷ் அண்ணன்தான்.

தம்போய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மாடு பார்ப்பவர். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எந்தப் பசுவுக்கு மடி இறங்கி ஈனும் நேரம் வந்தாலும், உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வந்து நின்றுவிடுவார். "சத்தம் கேட்டா ஈனாம அடக்கிக்கும்" என்பது அவர் கட்சி. அப்புறம் உரல் இடிக்கக் கூடாது, குழந்தை அழக் கூடாது. ஒருமுறை துரையின் மோட்டார் காரையே மறித்து, இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிச் சைகை காட்டினார். துரை தள்ளினார் என்றுதான் லயத்தில் பேச்சு.

எங்கள் பசு செவலைக்கு அது தலைச்சன் ஈற்று. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பயப்படுவதில் மட்டும் பெரிய படிப்பு. விடிந்ததும் பனிக்குடம் உடைந்து, முன்னங்கால் குளம்பு இரண்டும், அவற்றின்மேல் மூக்குமாகச் சரியாகத்தான் வந்தது.

"அண்ணே, கன்னுக்கு மூச்சு..." என்றேன்.

"உஷ்! ஈனுறது அதுவா, நீயா?"

கன்று விழுந்தது. செவலை திரும்பிப் பார்த்துவிட்டு, யார் வீட்டுப் பிள்ளையோ என்பதுபோல் விலகிப் போனது. தத்தி வந்த கன்றை ஓர் உதை விட்டது. நக்கிக் காயவைக்க ஆளில்லாமல் கன்று நடுங்கியது. சீம்பால் குடிக்காவிட்டால் தாங்காது. ருசிக்காவது தாய் வந்து நக்கட்டும் என்று அண்ணன் கன்றின் முதுகில் உப்பைத் தூவிப் பார்த்தார். செவலை கிட்டேயே வரவில்லை.

"செத்துரும்ணே..."

இந்த முறை அவர் உஷ் என்று சொல்லவில்லை. கன்றுக்குப் பக்கத்தில் நாலு காலில் விழுந்து, தொண்டை கிழிய "ம்ம்மாஆ!" என்று கத்தினார். லயமே ஓடி வந்தது.

"அலமாக்! ஐயய்யோ, உஷ் அண்ணே, உஷ்!" என்றார் கங்காணி.

செவலையின் காது நிமிர்ந்தது. மெல்ல வந்து நக்கத் தொடங்கியது, அண்ணனின் வழுக்கைத் தலையை.

"நான் இல்ல தாயி, அங்க பாரு!"

தலையைக் கன்றின் முதுகோடு சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டார். நாக்கு வழி தவறிக் கன்றின்மேல் ஏறியது, உப்பு ருசித்தது, அப்புறம் நிற்கவில்லை. செவலையின் அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் வந்தது. உச்சிவெயிலுக்குள் கன்று எழுந்து மடியை முட்டியது.

இரண்டு மாதம் கழித்து என் மனைவிக்கு வலி எடுத்தது. மருத்துவச்சியை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே வந்தால், லயத்தில் ஒரு சத்தம் இல்லை. உரல் இல்லை, கோழிகூட இல்லை. வாசலில் முதுகைக் காட்டியபடி, உதட்டில் விரலோடு அண்ணன்.

உள்ளே என் மகள் வீறிட்டாள். அந்தச் சத்தத்துக்கு மட்டும் அவர் விரலை எடுத்துவிட்டார்.