ஏழாம் நம்பர் சப்பாத்து

ஞாயிற்றுக்கிழமைக்குள் தன் சப்பாத்தை மீட்டே தீருவது என்று முகுந்தன் முடிவு கட்டினான். தோட்டத்து ஆபிசில் அவன் கிராணி. எந்த லாரி எங்கே போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிறவன். அப்பேர்ப்பட்டவனால் ஒரு ஜோடி சப்பாத்தை வீட்டில் நிறுத்தி வைக்க முடியவில்லை.

சப்பாத்து பூப்பந்து ஆடவென்று வாங்கியது. நல்ல நீலம். சுவா டவுன் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்குள் வருஷா வருஷம் இரட்டையர் போட்டி நடக்கும். ஆணும் ஆடலாம், பெண்ணும் ஆடலாம். லாரி ஓட்டுகிற சுகுமாறனோடு ஜோடி சேர்ந்து இத்தனை வருஷமும் ஆடி வந்தவள் முகுந்தனின் மனைவி ரோகினி. அவள் மாசமானதும் அந்த இடத்துக்கு முகுந்தன் வந்தான். "சும்மா லா, புள்ள பொறக்குற வரைக்கும்" என்று சொல்லித்தான் வந்தான். பிள்ளைக்கு இப்போது ஏழு மாசம். வந்தவன் போகவில்லை. வருகிற ஞாயிறு இறுதி ஆட்டம்.

பிள்ளை பெற்றால் உடம்பில் என்னென்ன மாறும் என்று ஊரே ரோகினிக்குச் சொல்லியிருந்தது. சொன்னபடி முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மோதிரம் ஏறவில்லை. பிடித்த நெத்திலி சம்பல் திடீரென்று பிடிக்காமல் போனது. ஆனால் கால் வளரும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. வளர்ந்தது. ஆறாம் நம்பர் கால் சத்தமில்லாமல் ஏழாகிவிட்டது. பழைய சப்பாத்தில் பாதத்தை நுழைத்தால் குதிகால் வெளியே நின்று வேடிக்கை பார்த்தது.

அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு ஏழாம் நம்பர் இருந்தது. அதுதான் வம்பு.

"என் சப்பாத்து எங்க, ரோகினி?"

"என் கால்ல."

"அது எப்படி உன் கால்ல சேரும்?"

"நானும் சேராதுன்னுதாங்க போட்டுப் பாத்தேன். அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

"கழட்டு லா. நடந்து நடந்து அகலமாக்கிடுவ."

"என் காலை அகலமாக்கினது யாரு? உங்க மவன். போய் அவனைக் கேளுங்க."

மவன் குப்புறப் படுத்து எச்சிலால் பாயை நனைத்துக்கொண்டிருந்தான். விசாரணைக்கு ஒத்துழைக்கிறவனாகத் தெரியவில்லை.

முகுந்தன் யோசித்தான். அவன் யோசித்தால் வீட்டில் ஏதாவது உடையும்; இந்த முறை உடையாமல் ஒரு யோசனையே வந்தது. பிள்ளை பிறந்தபோது அடுத்த வரிசை வீட்டுப் பஞ்சாலை அக்கா வந்து, உடம்பு பிடித்துவிட்டு, ரோகினியின் வயிற்றைச் சுற்றி நீளத் துணியை இறுக்கிக் கட்டினாளே, பானை மாதிரி இருந்த வயிறு அடங்கவில்லையா? வயிறே அடங்கும்போது கால் அடங்காதா?

அன்று சாயங்காலமே பஞ்சாலையைக் கையோடு கூட்டி வந்தான்.

"காலுக்குக் கட்டணுமா தம்பி?"

"ஆமாக்கா. இறுக்கி. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆறுக்கு வந்தாகணும்."

பஞ்சாலை ரோகினியைப் பார்த்தாள். ரோகினி பஞ்சாலையைப் பார்த்தாள். முகுந்தன் தன் மூளையை எண்ணிப் பூரித்துக்கொண்டிருந்தான்.

"கட்டலாம்" என்றாள் பஞ்சாலை. "ஆனா கட்டின காலு தரையில படக் கூடாது. பட்டா எட்டாயிடும்."

"படாதுக்கா. நான் இருக்கேன்."

இருந்தான். லீவு போட்டுவிட்டு இருந்தான். ரோகினி இரண்டு தலையணை மேல் காலைத் தூக்கி வைத்து மகாராணி மாதிரி சாய்ந்துகொண்டாள். முகுந்தன் சமைத்தான். கூட்டினான். பிள்ளையைக் குளிப்பாட்டினான், பிள்ளை அவனைக் குளிப்பாட்டியது. மீன் வாங்கப் பாசாருக்கு ஓடினான். பால்மாவுக்கு ஒரு ஓட்டம், மறந்துபோன பூண்டுக்கு இன்னொரு ஓட்டம். பந்து அடிக்கப் பழக வேண்டிய கை பாத்திரம் தேய்த்துப் பழகியது.

"என்னங்க, கஷ்டமா இருந்தா விட்டுடுங்க. நானே எந்திரிக்கிறேன்."

"காலைக் கீழ வைக்காத. எட்டாயிடும்."

"அப்ப அந்த மைலோவைக் கொஞ்சம் சூடா..."

ஒவ்வொரு முறையும் அலமாரியைத் திறந்து நீலச் சப்பாத்தைப் பார்த்துக்கொள்வான். தெம்பு வரும். இன்னொரு வாளி துணி துவைப்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வாளியைத் தூக்கக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. இடுப்பில் 'மடக்'கென்று ஒரு சத்தம். மூன்று மடிப்பாக நின்றபடியே, "பஞ்சாலையக்காவைக் கூப்பிடு" என்று முனகினான்.

பஞ்சாலை வந்தாள். எண்ணெய் போட்டு நீவினாள். நெஞ்சிலிருந்து தொடை வரை துணியைச் சுற்றி, காலால் உதைத்து இறுக்கிக் கட்டிப் பாயில் உருட்டிவிட்டாள். பிள்ளை பக்கத்தில் படுத்து அப்பாவை ஆர்வமாகப் பார்த்தது.

வெளியே லாரி ஆரன் அடித்தது. சுகுமாறன் குரல்: "ரோகினி, போலாமா? டேவான் ஹால்ல கூட்டம் வந்துருச்சு."

முகுந்தனுக்குச் சந்தேகம் வந்தது. கூப்பிட வேண்டிய பெயர் அது இல்லையே.

ரோகினி எழுந்தாள். தரையில் நின்றாள். நடந்து போய் அலமாரியைத் திறந்தாள்.

"காலைக் கீழ வைக்காத. கட்டு எங்க?"

"அதுவா? நீங்க பாசாருக்குப் போனதும் அவுத்துடுவேன். உங்க மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் கட்டிக்குவேன். நடுவுல டேவான்ல போய் ஆடிப் பழகினேன். புள்ளையை அக்கா பாத்துக்கிட்டாங்க."

"அப்ப கால் சின்னதாகவே இல்லையா?"

"கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி அப்பவே சொல்லிட்டாங்க. சில பேருக்கு இப்படித்தான் ஆகும், திரும்பிப் போகாதுன்னு." நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டாள். "ஆனா ஒரு வாரம் காலை நீட்டிப் படுத்தது உடம்புக்கு ரொம்ப நல்லதுங்க. ஏழு மாசத்துல இப்பத்தான் தூங்கினேன்."

சப்பாத்து வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் ரோகினி, தோளில் மட்டையோடு, ஆட்டத்தை ஜெயித்துவிட்ட நடையில்.

"நானும் வர்றேன்" என்று அவன் ஒருக்களித்து எழப் பார்த்தான். "ஆடல. பாக்கவாவது..."

பஞ்சாலை அவன் நெஞ்சில் கைவைத்து மெல்லப் படுக்கவைத்தாள். போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, ஜன்னலையும் சாத்தினாள்.

"பச்ச உடம்பு தம்பி. காத்துப் படக் கூடாது."