ஜன்னலோரக் கட்டில் வழக்கு

மதிப்புக்குரிய அத்தைக்கு,

ஷிகாமூ, கால்தொட்டு வணக்கம். நீங்களும் மாமாவும் நலமாக இருக்கவும், உங்கள் மனித உரிமை நீதிமன்றத்துக்கு மனுக்கள் குறைவாக வரவும் வேண்டிக்கொண்டு நாமெலோக் எழுதுவது. விளக்கணைத்த பிறகு விடுதிப் போர்வைக்குள் எழுதுகிறேன். மேட்ரனின் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் டார்ச்சை அணைத்துவிடுகிறேன், எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும்.

அருஷாவில் உங்கள் வீட்டு ஜன்னலோரக் கட்டில், மேரு மலை தெரியும் அந்தக் கட்டில், எல்லா விடுமுறையிலும் எனக்குத்தான். ஈஸ்டருக்கு மாமாவின் தம்பி மகள் தும்சிஃபு வந்தாள், "புதுசா வந்த பொண்ணு, அவ படுத்துக்கட்டும்" என்றீர்கள், நான் சோபாவுக்குப் போனேன், கம்பி முதுகில் குத்தியது, அவளோ காலையில் என்னிடமே, "மலை இன்னைக்கு என்ன அழகு தெரியுமா!" என்றாள், முதல் சப்பாத்தியும் அவள் தட்டில்தான் விழுந்தது. இது பொறாமை இல்லை அத்தை, சட்டம்.

"எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி உள்ளூர் கோர்ட்டெல்லாம் ஏறி இறங்கிட்டு வரணும்" என்பீர்களே, அதனால் அம்மாவிடம் முறையிட்டேன். "கட்டிலுக்கு ஒரு வழக்கா? போடி!" என்றார். அப்பாவிடம் மேல்முறையீடு செய்தேன். "அது என் தங்கச்சி வீடும்மா. என் அதிகாரம் நம்ம வாசலோட சரி" என்றார். ஆக, உள்ளூர் வழிகள் தீர்ந்தன. ஈஸ்டர் பழைய கதை, வழக்குப் போடும் கெடு முடிந்தது என்று தள்ளிவிடாதீர்கள். மீறல் நின்ற பிறகுதானே கெடு ஓடத் தொடங்கும்? ஜூன் விடுமுறையிலும் அவள்தான் அதில் படுத்தாள், பிறகு என் விடுதிக்கே வந்து சேர்ந்துவிட்டாள், மீறல் தொடர்கிறது. எதிராளியும் நீங்கள், நீதிபதியும் நீங்கள் என்பதுதான் பயம். வெள்ளிக்கிழமை கிறிஸ்துமஸ் விடுமுறை. அங்கே இன்னும் எனக்கு இடம் இருக்கிறதா அத்தை?

மாமாவுக்கு என் ஷிகாமூ. கர்த்தர் உங்களைக் காக்கட்டும், கட்டிலையும்.

அன்புடன்,
நாமெலோக்

பின்குறிப்பு: மேட்ரன் வந்துவிட்டார். "யாருடி அது, டார்ச் அடிக்கிறது?" நான் போர்வைக்குள் சுருண்டேன். கீழ்க்கட்டிலிலிருந்து தும்சிஃபு, "நான்தான் மேடம்" என்றாள். காலையில் முற்றம் பெருக்கும் தண்டனை அவளுக்கு. மேட்ரன் போனதும் தலையை மேலே நீட்டி, "லூசு, நீ எழுதுற சத்தம் கீழ வரைக்கும் கேக்குது. பெரியம்மாவுக்குத்தானே? என் ஷிகாமூவையும் சேர்த்துப் போடு" என்றாள். போட்டுவிட்டேன்.

வழக்கை வாபஸ் வாங்குகிறேன். ஆனால், தனி ஆட்கள் உங்கள் நீதிமன்றத்தில் நேரே வழக்குப் போடலாம் என்ற சம்மதத்தை நம் நாடு போன மாதம் திரும்பப் பெற்றபோது, அது ஓராண்டு கழித்துத்தான் செல்லும் என்று சொன்னீர்கள். என் வாபஸும் அப்படியே. இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கட்டில் எனக்குத்தான்.

அவளும் அதிலேயே சுவர்ப் பக்கம் படுத்துக்கொள்ளட்டும்.