ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

உலகத்தில் கேக் செய்கிறவர்கள் உண்டு, கேக் சாப்பிடுகிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல், மாவு அளக்கும்போது மட்டும் அடுப்படியில் முளைக்கிற மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. அவர்தான் கிராம்காரர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். முட்டை உடைக்க வரமாட்டார். பாத்திரம் கழுவ நிச்சயம் வரமாட்டார். ஆனால் "மூணு கப் மைதா" என்று யாராவது முணுமுணுத்தால் போதும், மூன்று அறை தாண்டி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, எலக்ட்ரானிக் தராசைப் பச்சைப் பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டு வந்து நின்றுவிடுவார்.

"எந்தக் கப்? தலை தட்டியா, கும்பாச்சியாவா? சலிச்சதா, சலிக்காததா?"

இதற்கு என்ன பதில் சொல்வது?

நம்முடைய கிராம்காரர் இன்சூரன்ஸ் ஆபீசில் ஹெட் கிளார்க். போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க, கடையில் வாங்கிய அளவுக் கப்பால் மைதாவை ஏழு தடவை எடுத்து எடை போட்டார். அப்படியே அள்ளினால் நூற்று நாற்பத்தெட்டு. கரண்டியால் போட்டால் நூற்று இருபத்திரண்டு. தட்டித் தட்டி அடைத்தால் நூற்று அறுபது. ஏழு தடவைக்கு ஏழு எடை! மாவு ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை என்று அவருக்கு உண்மையிலேயே கோபம். கடைசியில் ஒரு புத்தகத்தைப் புரட்டி, கப்புக்கு நூற்று இருபத்தைந்து என்று தீர்ப்பு எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

அவர் மனைவியிடம் இருந்ததோ கைப்பிடி உடைந்த ஒரு நீலக் கோப்பை. மைதாவும் அதில்தான், சர்க்கரையும் வெண்ணெயும் அதில்தான். பத்து வருஷமாகக் கேக் பஞ்சாக வந்துகொண்டிருந்தது. அதைத் தின்று பார்த்த கீழ்வீட்டுப் பல் டாக்டர், தன் கிளினிக் திறப்புக்குக் கேக் செய்து தரச் சொல்லிவிட்டார். அவள் வாழ்க்கையில் முதல் ஆர்டர். ஐந்து மணிக்குத் தரவேண்டும். காலையிலிருந்து அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இப்படிப்பட்ட நாளில் கிராம்காரர் சும்மா இருப்பாரா? அவள் குளிக்கப் போன பத்து நிமிஷத்தில், அவள் அளந்து வைத்திருந்த மைதாவை டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட்டு, மூன்று கப்புக்கு முந்நூற்று எழுபத்தைந்து கிராம் என்று, கூடாமல் குறையாமல் நிறுத்து அதே கிண்ணத்தில் வைத்துவிட்டார். புத்தகத்துக் கப்பில் நீலக் கோப்பை முக்கால்கூட இருக்காது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

ஓவனிலிருந்து வந்ததைக் கேக் என்று சொல்ல மனசு வரவில்லை. கத்தி இறங்க மறுத்தது.

"என்னங்க, மைதாவத் தொட்டீங்களா?"

"தொட்டா என்ன? சரியான எடைதான் போட்டேன்."

"என் கோப்பையில மூணு அள்ளித் தரேன். உங்க தராசுலயே போட்டுப் பாருங்க."

போட்டார். இருநூற்று நாற்பது.

"பேட்டரி வீக்கா இருக்கும்," என்றார்.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, இவர் மீசையில் மைதாவே ஒட்டியிருந்தது. மணி மூன்று. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபடியே அவரை வெளியே தள்ளிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். நீலக் கோப்பையை எடுத்தாள். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது புதுக் கேக் மாடிப்படி இறங்கியது. பின்னாலேயே, கூப்பிடாமலே, கிராம்காரரும் இறங்கினார்.

டாக்டர் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "பிரமாதம்மா! எப்படிச் செஞ்சீங்க?"

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "மூணு கப் மைதா, ரெண்டு கப் சர்க்கரை..."

"இருங்க, இருங்க." டாக்டர் வெள்ளைக் கோட்டிலிருந்து பேனாவை எடுத்தார். "கப்புன்னா எப்படி? கிராம்ல சொல்லுங்க."

கிராம்காரர் முகம் பூரித்துப்போனது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பார்த்தீர்களா, இந்த இனம் எங்கெல்லாம் இருக்கிறது! உங்களிடமும் ஒன்று கேட்டுவிடுகிறேன். மூன்று கோப்பைக்கு இருநூற்று நாற்பது என்று படித்ததுமே, ஒன்றுக்கு எண்பது என்று மனசுக்குள் வகுத்துப் பார்த்தீர்கள்தானே? அப்படியானால் தயவுசெய்து இருந்த இடத்திலேயே இருங்கள். உங்கள் வீட்டு அடுப்படியில் யாராவது கேக் செய்துகொண்டிருக்கலாம்.