கும்பிடுக் கணக்கு

விழுப்புரம்,
19.11.2017, ஞாயிறு மாலை

அன்பு நிறைந்த மைத்துனர் அந்தோணி பிரபுவுக்கு, உன் அக்காள் லூர்துசெல்வியின் கணவனும், உன் பேச்சைக் கேட்டு ஓய்வுக்கால நிம்மதியைத் தொலைத்தவனுமாகிய சின்னப்பராஜ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அக்காளும் உடல் சுகம். அங்கே சார்ஜாவில் நீயும் லூசியாவும் குழந்தையும் எல்லா நலமும் பெற்றிருக்க வேண்டுகிறோம். எனக்குச் சர்க்கரையும் பிரஷரும் சென்ற மாதம் வரை சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தன. நீ ஆரம்பித்துவைத்த இசைப் போட்டிக்குப் பிறகு அவை யார் பேச்சையும் கேட்பதில்லை.

போனில் தட்டினால் போய்ச் சேரும் சமாச்சாரத்துக்கு மாமா ஏன் தபால்தலை ஒட்டுகிறார் என்று நீ சிரிப்பாய். தாராளமாகச் சிரி. அந்தப் போனை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதைக் கையால் தொட்டால் கை கூசுகிறது.

எல்லாம் உன் ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜில் ஆரம்பித்தது. “மாமா, விழுப்புரத்துலயும் திண்டிவனத்துலயும் நம்ம ஆளுங்க எத்தினி பேரு பாடிக்கினு வாசிச்சிக்கினு கீறாங்க, சும்மா ஜாலியா ஆன்லைன்ல ஒரு போட்டி வெப்போம், நீங்க மேப்பார்வை பார்த்தா போதும்” என்றாய். மின்வாரியத்தில் முப்பது வருஷம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவனுக்கு மேற்பார்வை என்றால் ஆசை வராதா? வந்தது. விதிகளை நீயே சொன்னாய். தொழிலாகப் பாடுகிறவர்கள் கூடாது. ஒரு ஆள், ஒரு பாட்டு அல்லது ஒரு வாத்தியம், மூன்று நிமிஷம். வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினால் நான் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். நடுவர் கிடையாது, குழுவில் இருப்பவர்களே ஓட்டுப் போடுவார்கள், எல்லாம் நட்பு முறையில். ஓட்டுக்குக் கட்டைவிரல் படம் போதும் என்றாய். உன் அக்காள்தான் குறுக்கே விழுந்தாள். “பெரிய மனுஷங்க பாடுறாங்க, அவங்களுக்குப் போயி கட்டைவிரல ஆட்டிக் காட்டுறதா? நல்லா இருக்குதே உங்க மரியாத! ஒரு கும்பிடு போடச் சொல்லுங்க” என்றாள். எனக்கும் அது சரியாகப் பட்டது. ‘பாட்டு பிடித்திருந்தால் அதன் கீழே ஒரு கும்பிடு போடவும்’ என்று என் கையாலேயே எழுதி அனுப்பினேன். இப்போது கேட்டால் அப்படி ஒரு யோசனையைத் தான் சொல்லவே இல்லை என்கிறாள்.

முதல் வாரத்திலேயே நட்பு முறை நாறிப்போனது. திண்டிவனம் மாசிலாமணி அனுப்பிய வீடியோவில் அவர் குரல் மட்டும் கேட்டது, மூன்று நிமிஷமும் தெரிந்தது அவர் வீட்டு மின்விசிறி. “சார், போன் திரும்பிக்கிச்சி, ஆனா ராகம் சுத்தமா இருக்குதா பாருங்க” என்றார். விசிறி சுத்துவதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். எங்கள் தெரு ஜெர்லின் பாடும்போது சரியாகத் தாளம் விழுகிற இடத்தில் குக்கர் விசில் அடித்தது. அந்த விசிலைப் பாராட்டித்தான் அதிகம் பேர் எழுதினார்கள், அவள் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. இதற்கு நடுவில் தினமும் காலை வணக்கம் அனுப்புகிற பூங்கொத்துக்காரர்கள் வேறு. அவர்களுக்குப் பதிலாக வருகிற கும்பிடுகளைப் பாட்டுக் கணக்கிலிருந்து பிரித்தெடுப்பதற்குள் என் கண் பூத்துப்போயிற்று. இதெல்லாம் ஒரு பக்கம், பிரபு. கோதண்டபாணி விஷயம்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

காணை கிராமத்துக் கோதண்டபாணியை உனக்குத் தெரியும். சொந்தக் கரும்புத் தோட்டம், அதைவிடச் சொந்தமான ஒரு புல்புல்தாரா. டைப்ரைட்டர் மாதிரி ஒரு கையால் கட்டைகளைத் தட்டி, இன்னொரு கையால் தந்தியை மீட்டுவானே, அதுதான். மோட்டார் கனெக்‌ஷனுக்காக ஆபீஸுக்கு வந்தவன், சாப்பாட்டு நேரத்தில் நான் மவுத் ஆர்கன் ஊதியதைக் கேட்டுவிட்டு மனுவை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனான். அன்று பிடித்த சிநேகம். ஒவ்வொரு ஞாயிறு மாலையும் டிவிஎஸ்ஸில் வருவான், வேகவைத்த மல்லாட்டைக் கடலை கொண்டுவருவான், இருவரும் சேர்ந்து வாசிப்போம். கேட்க ஒரு ஈ காக்கை இருக்காது, உன் அக்காளும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். ஆனால் எங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் போதும். உன் ‘ஒரு ஆள் மட்டும்’ விதியால் அவன் தனியாக வாசிக்க வேண்டியதாயிற்று. அவனுடைய மருமகள் கலைப்பிரியா வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வீடியோ எடுத்திருக்கிறாள். கோதண்டம் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். பின்னால் சுவரில் அவன் அப்பாவின் படம், மாலையோடு.

போன ஞாயிறு காலை பூசைக்குக் கிளம்பும்போது அந்த வீடியோவைக் குழுவில் போட்டேன். நெட் நகரவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றட்டும் என்று பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டேன். போட்டிக்குப் பஜனைப் பாடல் அனுப்பியிருந்த கிருஷ்ணவேணி டீச்சர், அதே நேரத்தில் திருவெண்ணெய்நல்லூரில் தன் மாமியார் அம்சவள்ளி அம்மாள் தொண்ணூற்று நாலு வயதில் இயற்கை எய்திய செய்தியைக் குழுவில் போட்டிருக்கிறார். அது போய் விழுந்த மறு நிமிஷம், அதன் கீழேயே கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டான்.

பிரசங்கம் முழுக்க என் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. வெளியே வந்து பார்த்தால் வீடியோவுக்குக் கீழே கும்பிடு, கும்பிடு, திரை நிறைய கும்பிடு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேலே தள்ளிப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. உடனே, ‘கோதண்டபாணி குடும்பத்தின் சார்பில் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி’ என்று தட்டிவிட்டேன். ஒருவர், ‘நேற்றுகூட சந்தையில் பார்த்தேனே’ என்று எழுதினார். பாராட்டுகிறார் என்று நினைத்து அதற்கும் ஒரு நன்றி போட்டேன். மாசிலாமணி, ‘எப்போ எடுக்கறாங்க?’ என்று கேட்டார். விசிறியைப் படம் பிடித்தவருக்கு இப்போதாவது வீடியோ எடுப்பதில் அக்கறை வந்ததே என்று, ‘வெள்ளிக்கிழமை சாயங்காலமே எடுத்தாச்சு. மருமகள்தான் முன்னால் நின்று எடுத்தாங்க’ என்று பதில் எழுதினேன். படித்துப் பார், பிரபு. நிதானமாகப் படித்துப் பார்.

மத்தியானத்துக்குள் மாசிலாமணி திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து, விழுப்புரத்தில் ஒரு ரோஜா மாலையும் வாங்கிக்கொண்டு காணையில் போய் இறங்கிவிட்டார். வாசலில் கலைப்பிரியாவைப் பார்த்ததும், “இன்னாமா, ரெண்டு நாளாச்சாமே, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? பொம்பளப் புள்ள நீ முன்னால நின்னு எடுத்தியாமே” என்று அழுதிருக்கிறார். அவள், “ஆமாங்க, மூணு வாட்டி எடுத்தேன், மாமாவுக்குத் திருப்தியே ஆவல” என்றிருக்கிறாள். மனிதர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாராம். உள்ளேயிருந்து கோதண்டம் துண்டோடு வந்து, “யோவ், நான் குத்துக்கல்லாட்டம் நின்னுக்கினு இருக்கேன், நீ யாருக்குய்யா மாலைய தூக்கிக்கினு வந்த?” என்றிருக்கிறான். வாங்கிய மாலையை என்ன செய்வது? அவன் கழுத்திலேயே போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார் மாசிலாமணி.

அதற்குள் கிருஷ்ணவேணி டீச்சர் எனக்குப் போன் செய்தார். “ஏன் சார், எங்க மாமியாருக்கு வந்த கும்பிட எல்லாம் நீங்க பாட்டுப் போட்டியில சேத்துக்கினீங்களாமே, இது அடுக்குமா? அந்தம்மாவ இன்னும் எடுக்கவே இல்ல சார்” என்றார். ஆபீஸ் புத்தி உடனே வேலை செய்தது. ‘ஞாயிறு காலை பெறப்பட்ட கும்பிடுகள் அனைத்தும் துக்கக் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. போட்டிக் கணக்கில் சேராது’ என்று ஓர் அறிவிப்புப் போட்டேன். இதைவிட ஒழுங்காக யார் தீர்த்திருப்பார்கள்? ஆனால் அறிவிப்புப் போட்ட கொஞ்ச நேரத்தில், கோதண்டபாணி குழுவிலிருந்து வெளியேறினார் என்று வந்துவிட்டது. அன்று மாலை டிவிஎஸ் சத்தம் கேட்கவில்லை. நானே போன் போட்டு, “இன்னாய்யா கோதண்டம், மாலை போட்டதுல கோவமா?” என்றேன். “கோவம்லாம் ஒண்ணும் இல்ல. வெய்யி போன” என்றான். அவ்வளவுதான்.

உயிரோடிருப்பவனைச் சாகடித்தால் யாருக்குத்தான் கோபம் வராது? அதற்காக என்னை என்ன செய்யச் சொல்கிறான்? நெட் நகராததற்கு நானா பொறுப்பு? அவனும் அவன் புல்புல்தாராவும்! வராவிட்டால் போகட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது. இன்று மாலையும் வரவில்லை. மவுத் ஆர்கனை எடுத்துத் தனியாக ஊதிப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. உன் அக்காள் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, “இன்னாங்க, கேக்க சகிக்கல, அவர்கூட சேர்ந்து ஊதுனாவாவது ஏதோ பாட்டுன்னு தெரியும்” என்றாள். மனசு விட்டுச் சொல்கிறேன் பிரபு, எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வயதில் புதிதாக ஒரு சிநேகிதனை நான் எங்கே போய்த் தேடுவேன்?

ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் ஜல்தியாக அந்தக் குழுவைக் கலைத்துவிடு. போட்டி ரத்து என்று நீயே அறிவித்துவிடு. பரிசும் கிடையாது, இரண்டாம் சுற்றும் கிடையாது. இந்த ஜென்மத்தில் ஆன்லைன் என்ற சொல்லை என் காதில் போடாதே. இசைக்கும் எனக்கும் இருந்த சம்பந்தத்துக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டாயிற்று.

லூசியாவுக்கு எங்கள் இருவரின் அன்பும், குழந்தையின் நெற்றியில் ஒரு சிலுவை அடையாளமும். எல்லாம் வல்ல இறைவன் உங்களைக் காத்து, உனக்கு இனிமேல் புதிய யோசனைகள் தோன்றாமலும் காக்க வேண்டுமாய் மன்றாடும்,

உன் மாமா
சின்னப்பராஜ்

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது கோதண்டம் வந்துவிட்டான். உட்காரக்கூட இல்லை. நான் மாலை விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “மாலைக்கு யாருய்யா கோச்சிக்கினாங்க? மாசிலாமணி போட்டத நான் ராத்திரி படுக்கற வரைக்கும் கழட்டவே இல்ல” என்றான். பிறகு ஏன் ஒரு வாரம் வரவில்லை என்றேன். “முப்பது வருசமா வாசிக்கிறேன், உன்னத் தவிர ஒருத்தரும் கேட்டதில்ல. அன்னிக்கு அம்மாம் பேரு கும்பிட்டாங்க. அது எந்தக் கிழவிக்கோ வந்ததுன்னு எனக்கும் தெரியும்யா. நான் நெசமா செத்தா எத்தினி பேரு கும்பிடுவானோ, அத நான் பாக்கப் போறதில்ல. உசுரோட இருக்கசொல்ல என் கண்ணு முன்னால வந்தத, துக்கக் கணக்குன்னு நீ எதுக்குய்யா தள்ளுன?” என்றான்.

பீரோவைத் திறந்து போனை எடுத்தேன். பிரபு, மேலே எழுதியிருப்பது எதையும் செய்துவைக்காதே. குழு இருக்கட்டும், போட்டி நடக்கட்டும், ‘ஒரு ஆள் மட்டும்’ விதியை மட்டும் அடித்துவிடு. நாங்கள் இருவரும் சேர்ந்து இரண்டாம் சுற்றுக்கு வருகிறோம். முதல் சுற்றின் முதல் பரிசு கோதண்டபாணிக்கே. அந்தக் கும்பிடுகளை அவன் கணக்குக்கு மாற்றலாமா என்று கிருஷ்ணவேணி டீச்சரிடம் முறைப்படி கேட்டும் விட்டேன். “தாராளமா வெச்சிக்கட்டும் சார்” என்றார். “எங்க மாமியாரு உசுரோட இருந்த வரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் குடுத்ததில்ல. போற வழியிலயாவது குடுத்துட்டுப் போவட்டும்.”