ஒத்தி வைத்த வீடு

ராமாமிர்தம் ஓய்ந்து போயிருந்தார். பதுளைக் கடைத்தெருவில் நாள் முழுக்கச் சேலையை உதறிக் காட்டிவிட்டு வந்தால், வீட்டில் பேச்செல்லாம் மனைவி விசாலாட்சியின் தம்பி பொன்னையாவைப் பற்றித்தான். திருச்சியிலிருந்து குடும்பத்தோடு வருகிறானாம். ஹாலிஎலையில் பூட்டிக் கிடக்கும் இவருடைய வீட்டில் குடிவைக்க வேண்டுமாம். வந்தால் போகமாட்டான். கடையை மூத்த மகனிடம் விட்டுவிட்டு, அந்த வீட்டில் தனியாகக் காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்பதுதான் மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை.

சண்டை போடத் தெம்பில்லை. தந்திரம் செய்தார். பக்கத்துக் கடை வாஹித் நானாவைக் கெஞ்சிக் கூத்தாடி, வீட்டை அவரிடம் ஒத்தி வைத்ததாக நொத்தாரிசு வக்கீல் முன்னால் ஒரு பொய்ப் பத்திரம் எழுதினார். ஒரு சதம் கைமாறவில்லை. மீட்கவே முடியாது என்று தோன்றட்டுமே என்று தொகையை மட்டும் தாராளமாகப் போட்டார். மச்சினன் வரவை ஒத்திவைக்கத்தானே இந்த ஒத்தி என்று தனக்குள் சிரித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் சிரித்ததாகத் தகவல் இல்லை.

விஷயம் கேட்டு விசாலாட்சி அழவில்லை. மறுநாள் வாஹித் கடைக்குப் போய், பொய்யாய் ஒத்தி எழுதிய ஒருவர் வெலிமடையில் மறியலில் கம்பி எண்ணுகிறாராமே, வாங்கியவரையும் பிடிப்பார்களாமே என்று சும்மா விசாரித்துவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்து, சோறு போடும்போது பேச்செடுத்தாள்.

"ஒத்தின்னா, மீட்கிற வரைக்கும் வாங்குனவங்க குடியிருக்கலாமுல்ல?"

"ஆமா. வாஹித் நானா வந்துருவாரு. ஒன் தம்பிக்கு எடமில்ல."

"அவரு வரல. ஒத்தியத் தம்பி பேருக்கு மாத்திக் குடுத்துட்டாரு. பாவம், மறியலுக்குப் பயந்த மனுசன்."

ராமாமிர்தம் பிசைந்த சோற்றைத் திரும்பத் தட்டில் போட்டார். "அது பொய்ப் பத்திரம்டி."

"அப்ப கோர்ட்ல போய்ச் சொல்லுங்க. மறியல்ல சாப்பாடு அவங்களே போடுவாங்க."

"மீட்டுர்றேன்."

"மீட்டுக்குங்க. தொகை நீங்க போட்டதுதானே."

மோரை ஊற்றச் சொன்னார்.

பொன்னையா குடும்பத்தோடு வந்து குடியேறினான். முதல் மழை பெய்த மறுநாள் காலையில் கடை வாசலில் நின்றான்.

"வீடு ஒழுகுது அத்தான். நான் வெறும் ஒத்திக்காரன். சொந்தக்காரரு நீங்கதான் தகரம் மாத்தித் தரணும்."