காட்டு உருளைக்கிழங்கு

கிராக்லி நகராட்சியின் குத்தகைத் தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் வேண்டுமென்றால், மனுப் போட்டுவிட்டு, ஏற்கெனவே நிலம் வைத்திருப்பவர்களில் யாராவது ஒருவர் மனமிரங்கிச் சாகும்வரை காத்திருக்க வேண்டும். அதுதான் நடைமுறை. வடக்கு இங்கிலாந்தின் குளிர்காற்றில் முட்டைக்கோசு வளர்க்கிறவர்களுக்கு ஆயுள் கெட்டி என்பதால் நடைமுறை சற்று மெதுவாகவே நடக்கும்.

மேவிஸ் ட்ரங்கெட் மனுப் போட்டபோது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். நிலம் கிடைத்தபோது ஓய்வு பெற்றிருந்தாள், முழங்காலும் தேய்ந்துபோயிருந்தது. மீன் வறுவல் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் வீடு. ஜன்னலைத் திறந்தால் எண்ணெய் நாற்றம், மூடினால் புழுக்கம். பிறந்ததிலிருந்து அவளுக்கென்று ஒரு பூந்தொட்டி மண்கூட இருந்ததில்லை. அவள் ஆசையும் பெரிதல்ல. தன் மண்ணில் விளைந்த உருளைக்கிழங்கைத் தன் கையால் தோண்டி, கழுவி, வேகவைத்து, மேலே வெண்ணெயை உருகவிட்டு, அடுப்படியிலேயே நின்றுகொண்டு தின்ன வேண்டும். உட்காருகிற வரைக்கும் பொறுக்க முடியாது என்று அவளுக்கே தெரியும்.

நிலத்தை ஒப்படைக்கத் தோட்டக் கமிட்டித் தலைவர் வெர்னன் டிக்பி கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். இப்போதும் எதிரே வருகிற எவரையும் டிக்கெட் எடுக்காதவரைப் போலத்தான் பார்ப்பார்.

"இதுதாங்க அம்மணி உங்க நிலம்" என்று கையை நீட்டினார்.

மேவிஸ் அண்ணாந்து பார்த்தாள். தொட்டால் அரிக்கும் செந்தட்டி அவள் தலைக்கு மேலே நின்றது. அதன்மேல் முள்புதர் ஏறியிருந்தது. இரண்டையும் சேர்த்துச் சுற்றுக்கொடி கட்டிப்போட்டிருந்தது. நடுவில் ஒரு தகரக்கூரை தெரிந்தது.

"உள்ளே கொட்டகை இருக்கா?"

"அடடே, ஆமா இருக்கே!" என்றார் வெர்னன். அவருக்கும் அது செய்திதான்.

"இதுக்கு முன்னாடி வெச்சிருந்தவர் எங்கே?"

"போன கோடையில உள்ளே போனாரு."

"வெளியே வரலையா?"

"வந்திருப்பாரு. நாங்க கவனிக்கல. அது கமிட்டியோட பொறுப்புல வராது." வெர்னன் டையைச் சரிசெய்துகொண்டார். "விதி ஒண்ணே ஒண்ணுதான். அடுத்த பார்வையிடலுக்குள்ள முக்கால்வாசி நிலம் களையில்லாம சாகுபடியில இருக்கணும். இல்லேன்னா நிலம் கைமாறிடும். நீங்க மறுபடி முதல்லேருந்து மனுப் போடலாம்."

மறுபடி முதலிலிருந்து என்றால் தன் சவப்பெட்டியில் இருந்துகொண்டுதான் உருளைக்கிழங்கு நடவேண்டியிருக்கும் என்பது மேவிஸுக்குக் கணக்குப் போடாமலே புரிந்தது.

தோட்டக்கலை தெரியாதவளே தவிர, அவள் சோம்பேறி இல்லை. பெரிய பஸ்ஸையே சந்துபொந்தில் திருப்பியவள், களைக்குப் பயப்படுவாளா? வாடகைக்கு மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் எந்திரம் ஒன்றை எடுத்துவந்து, நிலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினாள். செந்தட்டி, கோரை, சுற்றுக்கொடி எல்லாம் வேரோடு பொடிப்பொடியாக நறுக்குண்டு மண்ணில் கலந்தன. பார்க்கச் சுத்தமாக இருந்தது. பெருமையோடு வேலியோரம் நின்று தேநீர் குடித்தாள்.

பக்கத்து நிலத்துக்காரி பெரில் வாயில் கை வைத்தாள். பெரில் ராட்சத வெங்காயத்தாள் வளர்த்துக் கண்காட்சியில் பரிசு வாங்குகிறவள். அவள் நிலம் புதுமாப்பிள்ளை தலைபோலப் படிய வாரியிருக்கும்.

"அடிப் பாவி மேவிசு! சுற்றுக்கொடியோட வேரையா துண்டு போட்டே?"

"ஆமா. பொடியா."

"ஒவ்வொரு துண்டும் ஒரு கொடியா முளைக்கும்டி! நீ களை எடுக்கல, களை விதைச்சிருக்கே!"

பெரில் சொன்னது பலித்தது. மழை பெய்து முடிந்ததும் மேவிஸின் நிலம் பச்சைப் பசேலென்று, நாற்றங்கால் மாதிரி அடர்த்தியாகக் கிளம்பியது. நடுவதற்கென்று வாங்கிவைத்த உருளைக்கிழங்கு அவள் சமையலறையில் முளைவிட்டுச் சுருங்கிக் கிடந்தது. நட இடமில்லாத எரிச்சலில் பையோடு கொண்டுவந்து கொட்டகைக்குப் பின்னால் கொட்டி, மேலே கொஞ்சம் மண்ணையும் காலால் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

வெர்னன் வந்தார், பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். "கமிட்டி மிகுந்த வருத்தத்தோடு தெரிவிப்பது என்னன்னா..." என்று அவர் தொடங்கியதும் மேவிஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் எவ்வளவு வருத்தப்படுகிறாரோ அவ்வளவு நிச்சயமாக நிலம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். கிராக்லியில் யாரும் கோபப்பட்டுக் கெடுதல் செய்வதில்லை. வருத்தப்பட்டுத்தான் செய்வார்கள்.

அந்தச் சமயம் பார்த்து வாசல் கேட்டைத் தள்ளிக்கொண்டு டாரியன் விக்ஸ்டெட் வந்தான். நகராட்சியின் பல்லுயிர்ப் பெருக்க ஒருங்கிணைப்பாளன். சின்ன வயது. முழங்கால்வரை பூட்ஸ் போட்டிருந்தான், அதில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. லண்டனில் பெரிய பெரிய பங்களாக்காரர்கள் புல்வெட்டும் எந்திரத்தை விற்றுவிட்டுத் தோட்டத்தைக் காடாக விடுகிறார்களாம். அந்த நாகரிகம் பத்திரிகையில் வந்து, மேயர் மனைவியின் கண்ணில் பட்டு, நகராட்சித் தீர்மானமாகி, இப்போது பூட்ஸ் போட்டுக்கொண்டு நேரில் வந்திருந்தது.

டாரியன் பெரிலின் நிலத்தைப் பார்த்து முகம் சுளித்தான். "ஐயோ, என்ன இது? ஒரு உயிர்கூட இல்லையே!"

"என் வெங்காயத்தாளுக்கு உயிர் இல்லையா?" என்றாள் பெரில்.

அவன் காதில் வாங்கவில்லை. மேவிஸின் நிலத்தைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "மேடம்! இதை நீங்களா உண்டாக்கினீங்க?"

மேவிஸ் தலையைக் குனிந்தாள். "தெரியாம செஞ்சிட்டேங்க."

"தெரியாம!" டாரியனின் கண் கலங்கிவிட்டது. "அதுதான் மேடம் இயற்கை! இந்த நகராட்சியோட முன்மாதிரி நிலம் இதுதான்!"

வெர்னன் டிக்பி பாதி வாக்கியத்தில் நின்றிருந்தார். அனுபவசாலி, நின்ற இடத்திலேயே வாக்கியத்தைத் திருப்பினார். "...மிகுந்த வருத்தத்தோடு தெரிவிப்பது என்னன்னா, மத்த நிலமெல்லாம் இந்த அம்மணியோட நிலம் மாதிரி இல்லையேங்கிறதுதான்."

அன்று சாயங்காலமே கமிட்டி கூடி, பிஸ்கட் தின்று, விதியைத் திருத்தியது. முக்கால்வாசி நிலம் களையில் இருக்க வேண்டும், மீதியிலும் சாகுபடி கூடாது. தவறினால் நிலம் கைமாறும்.

அதன்பிறகு கிராக்லித் தோட்டத்தில் நடந்ததை நேரில் பார்த்தவர்களே நம்பவில்லை. காலமெல்லாம் கையில் மண்வெட்டியோடு களையை விரட்டியவர்கள், அதே மண்வெட்டியோடு மேவிஸின் வேலியில் வந்து நின்றார்கள்.

"மேவிசு கண்ணு, ரெண்டு செந்தட்டி நாத்து குடேன்" என்று குழைந்தாள் பெரில். "நல்லா அரிக்கிற ரகமா பார்த்துக் குடு. சுற்றுக்கொடி வேர் இருந்தா அதையும் கொஞ்சம் துண்டு போட்டுக் குடு."

"ஒவ்வொரு துண்டும் முளைக்குமேடி!"

"அதுக்குத்தானே கேக்குறேன்!"

ஆனால் பழக்கம் விடுமா? கயிறு பிடித்து, நேர்வரிசையில், இடைவெளி அளந்து செந்தட்டி நட்டார்கள். சுற்றுக்கொடிக்கு மூங்கில் நட்டுக் கட்டிவிட்டார்கள். செந்தட்டிப் பாத்திக்கு நடுவே தப்பித்தவறி முளைத்த ஒரு கேரட்டைப் பெரில் "சனியனே" என்று திட்டிப் பிடுங்கி எறிந்தாள். வெர்னன் கோரைப்புல்லுக்கு வலை போட்டு மூடினார், புறா தின்றுவிடுமாம். கோடைக் கண்காட்சியில் மிக நீளமான களைவேருக்குக் கோப்பை அறிவிக்கப்பட்டது. போட்டிக்கு முந்தைய வாரம் யாரோ வெர்னனின் வேரை ஒடித்துவிட்டதாக விவகாரம் போலீஸ்வரை போனது.

எல்லாம் சரி, முன்மாதிரி நிலம் மட்டும் காயத் தொடங்கியது.

மேவிஸின் குற்றம் அன்பைத் தவிர வேறில்லை. நிலம் பறிபோகாமலிருக்க இந்தக் களைதான் கதி என்று தெரிந்த நாளிலிருந்து அவற்றைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்தாள். காலையில் தண்ணீர், மாலையில் தண்ணீர், நடுவில் கோழி எரு. "வளருங்கடி தங்கங்களா" என்று பேச்சுக்கூடக் கொடுத்தாள். கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வருகிற செந்தட்டி அவள் கவனிப்பைத் தாங்காமல் மஞ்சளாகிச் சாய்ந்தது. சுற்றுக்கொடி அழுகியது. வளர்க்கத் தெரியாதவள் கை பட்டால் களைகூடப் பிழைக்காது என்பதை விஞ்ஞானிகள் யாரும் இதுவரை ஆராயவில்லை.

மறு பார்வையிடல் அன்று நிலம் மொட்டையாகக் கிடந்தது. டாரியன் துக்க வீட்டுக்கு வந்தவன்போல நடந்தான். வெர்னன் தொண்டையைக் கனைத்தார். மேவிஸுக்கு அந்தக் கனைப்பு நினைவிருந்தது.

"கொட்டகைக்குப் பின்னாடி என்ன பச்சையா?" என்றான் டாரியன் திடீரென்று.

எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். கரும்பச்சை இலையும் வெள்ளைப் பூவுமாக ஒரு திட்டு தளதளவென்று நின்றது. அவளுடைய உருளைக்கிழங்கு! ஒரு தடவைகூட அவள் கவனிக்காததால் அமோகமாக வந்திருந்தது. மேவிஸுக்குச் சந்தோஷத்தில் மூச்சு முட்டியது. அடுத்த நிமிஷம் மூச்சே நின்றது.

"இது பயிராச்சே" என்றார் வெர்னன். "விதிப்படி பயிர் வெச்சா நிலம் போயிடும், அம்மணி."

"நீங்க நட்டீங்களா மேடம்?"

"நடலைங்க. வேண்டாம்னு தூக்கிப் போட்டேன்."

"தண்ணி ஊத்துனீங்களா?"

"இல்ல."

"எரு?"

"இந்தப் பக்கமே வரலைங்க. சத்தியமா."

டாரியன் மெல்ல மண்டியிட்டான். பூட்ஸில் முதல்முறையாகச் சேறு பட்டது. "யாரும் நடலை, யாரும் வளர்க்கலை, வேண்டாம்னு வீசியும் வந்திருக்கு. தலைவரே, இதை என்னன்னு சொல்வீங்க?"

வெர்னன் யோசித்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, "களைதான்" என்றார்.

"சாதாரணக் களையா? கிராக்லிக் காட்டு உருளைக்கிழங்கு!"

அப்போதே அதைச் சுற்றிக் கயிறு கட்டப்பட்டது. பொதுநலன் கருதி மேற்படி அரிய தாவரத்தை எவரும் தோண்டவோ, பிடுங்கவோ, குறிப்பாக வேகவைக்கவோ கூடாதென்று உத்தரவாயிற்று. மேவிஸின் நிலம் தப்பியது. நிலத்தின் சொந்தக்காரி கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று தன் உருளைக்கிழங்கை வேடிக்கை பார்த்தாள். அழைக்காத கல்யாண வீட்டு வாசலில் கையைக் கட்டி நிற்கிறவளைப் போல அவளுக்கு அவமானமாக இருந்தது.

கோடை முதிர்ந்தது. அந்த வருஷம் தோட்டத்தில் யாருக்கும் ஒரு பீன்ஸ்கூட இல்லை. காலை, மாலை செந்தட்டி சூப்தான். வெளியே "ஆகா, என்ன ருசி!" என்றார்கள். யாருக்கும் வயிறு கேட்கவில்லை. சாயங்காலமானால் ஒவ்வொருவராகக் கயிற்றோரம் வந்து நின்று, அரிய தாவரத்தைப் பார்த்து எச்சில் விழுங்கிவிட்டுப் போனார்கள். செடியின் இலை பழுத்து மஞ்சளானது. இலை மஞ்சளானால் கிழங்கு முற்றிவிட்டது என்று அங்கே நாய்க்குக்கூடத் தெரியும்.

மேவிஸ் முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நகராட்சி தூங்கும். கண்காணிப்பு இருக்காது. என் மண், என் கிழங்கு. ஒரே ஒரு செடியைத் தோண்டினால் போதும், ஒரு தட்டு நிறையும். கிழங்கு தோண்டும் பல்முள் கருவியைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, வெண்ணெய் வீட்டில் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்துத் தோட்டத்துக்குப் போனாள்.

கேட் திறந்திருந்தது. கொட்டகையைத் தாண்டி ஆட்கள் வால்போல நீண்டு நின்றார்கள்.

கமிட்டி முழுவதும் நின்றது. உறுப்பினர்கள் முழுவதும் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு முள்கருவியும் ஒரு பையும். திருட வந்த இடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டவர்கள், அந்த ஊர்க்காரர்கள் இக்கட்டில் செய்கிற ஒரே காரியத்தைச் செய்திருந்தார்கள். வரிசையில் நின்றுவிட்டார்கள்! பெரில் நடுவில் இருந்தாள். துணிப்பையோடு டாரியனும் இருந்தான். "ஆராய்ச்சிக்கு மாதிரி எடுக்கணும்" என்றான் யாரும் கேட்காமலே. முன்னால் நின்று வெர்னன் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். "ஆளுக்கு ஒரு செடிதான்! தள்ளாதீங்க!"

மேவிஸுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. விறுவிறுவென்று முன்னால் போனாள்.

வரிசை முழுவதும் "ச்ச்" என்று ஒரு சத்தம் கிளம்பியது.

"அம்மணி" என்றார் வெர்னன், கண்டிப்பான குரலில். "வரிசை பின்னாடி ஆரம்பிக்குது."

"இது என் நிலமய்யா!"

"இருக்கட்டும். அதுக்காக இடையில புகுந்தா மத்தவங்க என்ன நினைப்பாங்க?"

"ஏண்டி மேவிசு, நாங்கல்லாம் விடியறதுக்கு முந்தியே வந்து நிக்கிறோம்ல" என்றாள் பெரில்.

மேவிஸ் சுற்றிலும் பார்த்தாள். அத்தனை முகங்களும் அவளைத்தான் பார்த்தன. உருளைக்கிழங்கைத் திருடுவதில் அங்கே யாருக்கும் கூச்சமில்லை, வரிசையை மீறுவதில்தான். அவளுக்கும் காது மடல்வரை சிவந்துபோயிற்று. என்ன செய்வாள், அவளும் கிராக்லியில் பிறந்தவள்தானே. "தெரியாம வந்துட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு, வரிசையின் முழு நீளத்தையும் நடந்து, கடைசியில் போய் நின்றாள்.

வரிசை மெல்ல நகர்ந்தது. தோண்டித் தோண்டி எடுத்தார்கள். சந்தன நிறத்தில், முஷ்டி முஷ்டியாக, ஈரமண் ஒட்டியபடி. அவளைத் தாண்டிப் போன ஒவ்வொரு பையும் கனத்து இருந்தது. "அருமையான விளைச்சல் மேடம், வாழ்த்துகள்! மண்ணும் நல்லா கொத்திவிட்ட மாதிரி ஆச்சு, இனிமே களை தானா முளைக்கும், உங்க நிலத்துக்கு எந்த ஆபத்தும் இல்ல" என்று டாரியன் கை குலுக்கிவிட்டுப் போனான். அவள் பின்னாலும் புதிதாக ஒரு கிழவர் வந்து நின்றிருந்தார்.

அவள் முறை வந்தது. குனிந்து, முள்கருவியை ஆழமாக இறக்கிப் புரட்டினாள். மண். இன்னொரு இடம். மண். முழங்கால் வலியைப் பாராமல் மண்டியிட்டு இரண்டு கையாலும் கிளறினாள். பட்டாணி அளவுகூட ஒன்றும் இல்லை. கத்த வேண்டும்போல, கிராக்லி முழுவதையும் அந்தக் குழியில் போட்டு மூட வேண்டும்போல இருந்தது.

"தீர்ந்து போச்சாம்மா?" என்றார் பின்னால் நின்ற கிழவர், காலிப் பையை மடித்துக்கொண்டே.

மேவிஸ் எழுந்து திரும்பினாள். வாய் தானாகத் திறந்தது.

"மன்னிச்சுக்குங்க" என்றாள்.

"பரவாயில்ல, பரவாயில்ல" என்று கிழவர் பெருந்தன்மையாகக் கையை அசைத்தார். "அடுத்த வருஷமாவது கொஞ்சம் கூடுதலா தூக்கிப் போடுங்க."